கடல் தண்ணீர்க் கேன்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வெள்ளைக் கேன் கவிழ்ந்து கிடக்கிறது. பார்வைக்குக் குடிதண்ணீர்க் கேன்தான், ஆனால் அதில் யாரும் குடிதண்ணீர் பிடிப்பதில்லை. கழுத்தோரம் உப்பு பூத்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு வளையம் விழுந்திருக்கிறது. செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள வீடுகளில் கடல் தண்ணீருக்கென்று தனியாகக் கேன் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அதைக் கொண்டுவருபவர் அண்ணியின் அப்பா. எனக்கு மாமா முறை.

அண்ணன் மினி லாரி ஓட்டுகிறான். மரக்காணத்துக்கு உப்பு ஏற்றப் போன இடத்தில் அண்ணியைப் பார்த்தான். நாங்கள் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவர்கள் கடலுக்குப் போகிற குடும்பம். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் சம்மதிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, கல்லூரிப் படியும் ஏறிய முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். என் நைனா சில நாள் முறைத்துவிட்டு அடங்கிவிட்டார். மாமா அடங்கவில்லை. "அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். சொன்னபடியே இருந்தார். மகளோடு போனில்கூடப் பேசவில்லை.

அண்ணிக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "எங்கப்பா கல்லுல இருந்து பேத்துனு வருவாரே சிப்பி, அத துன்னணும்போல இருக்குது." அதை நான் அவளுடைய அம்மாவுக்குப் போனில் சொன்னேன். சொன்னதோடு மறந்தும் போனேன்.

ஓர் அமாவாசை சாயங்காலம். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் கூட்டத்தைப் பிதுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஈரம் சொட்டும் சாக்குமூட்டையோடு மாமா தெருவில் நின்றார். படியேறவில்லை. "மலையனூர் போறேன். கோயிலுக்கு இத தூக்கினு போவ முடியாது. இங்க கெடக்கட்டும், காலைல வந்து பாக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். திரும்பி நடந்தவர், "அவ துன்னா துன்னட்டும்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். அண்ணி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அவர் கூப்பிடவில்லை, இவளும் வெளியே வரவில்லை. அவர் போனதும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் கவுச்சி ஆக்குவதில்லை. அதனால் சிப்பி காலைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்களுக்குத் தெரிந்தது ஏரி மட்டிதான். ஏரி வற்றும்போது பொறுக்கி வருவோம். அதற்கு வயிறெல்லாம் சேறு. கிணற்றுத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தால் சேற்றைக் கக்கிவிடும். பச்சை விளிம்போடு பளபளத்த அந்தக் கடல் சிப்பிக்கும் அம்மா அதையே செய்தாள். வீட்டிலிருந்த பெரிய அலுமினிய அன்னக்கூடையை எடுத்து, புதுத் தண்ணீர் இறைத்து, மூட்டை முழுவதையும் கொட்டினாள். "சம்மந்தி வூட்டு சீரு. ஒரு மண்ணு அந்தப் பொண்ணு பல்லுல படக் கூடாது" என்று தூங்கப் போகும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தாள். அழுது களைத்துத் தூங்கிய அண்ணியை நாங்கள் எழுப்பவில்லை.

விடிந்ததும் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போன அண்ணி, "அய்யோ அத்தே!" என்று கத்தினாள். "நல்ல தண்ணியிலயா போட்டீங்க?"

"பின்ன? சேறு கக்க வேணாமா?"

"இது உப்புத் தண்ணியில பொறந்தது அத்தே. நல்ல தண்ணி இதுக்கு ஆவாது."

உயிருள்ள சிப்பியைத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளுமாம். அண்ணி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். மேலே கிடந்ததெல்லாம் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "பூனை இழுத்துனு போச்சின்னு சொல்லிடு" என்றார் நைனா. "ஒரு மூட்டையவா? அது இன்னா பூனையா, புலியா?" என்று அந்த நிலையிலும் அம்மா சீறினாள். அண்ணி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நாம மதிக்காம வீணாக்கிட்டோம்னு நெனச்சிப்பாரு. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாரு."

நெற்றி நிறையக் குங்குமமும் கையில் எலுமிச்சம்பழமுமாக மாமா வந்தார். அம்மா தெருவுக்கே போய், "சம்மந்தி, நீங்க எடுத்தாந்தத கெணத்துத் தண்ணியில போட்டு நானே சாவடிச்சிட்டேன்" என்றாள்.

"கெணத்துத் தண்ணியிலயா?"

அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினார். வாசல், கூடம், அடுப்பங்கரை எல்லாம் கடந்து நேராகக் கிணற்றடி. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றோடு ஒன்று தட்டி, மோந்து, செத்ததை இடப்பக்கம் எறிந்தார். இடப்பக்கக் குவியல் ஏறிக்கொண்டே போனது. அடியில் மட்டும் கொஞ்சம், வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிழைத்திருந்தன. தலை நிமிராமல், "நின்னுனே இருந்தா எப்டிம்மா? கத்தி எடுத்துனு வா" என்றார். இத்தனை மாதம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

அண்ணி கத்தியோடு வந்து குந்தப் போனாள். "கீழ குந்தாத" என்று மணையை இழுத்துப் போட்டார். அவர் ஓட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்புக் கட்டிகளைச் சுரண்டிக் கொடுக்க, அவள் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த நாரைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடுங்கினாள். சின்ன வயதிலிருந்து சேர்ந்து செய்த வேலை என்பது அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா ஒரு நாரைத் தூக்கி என்னிடம் காட்டினார். "இதாலதான் கல்ல புடிச்சிக்கினு இருக்கும். எந்தக் கல்லுன்ற? உங்க பக்கத்து மலைக்கல்லுதான். அலைக்குத் தடுப்பா லாரி லாரியா எடுத்தாந்து கடல்ல கொட்னாங்க. எங்க சிப்பி போயி அதுல ஒட்டிக்கிச்சி. நாம்ப இன்னா பண்றது?"

அண்ணி குனிந்துகொண்டாள். நைனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சம்மந்தி, வாசப்படிய மிதிச்சிட்டீங்க போல?"

மாமா திரும்பி, தான் கடந்து வந்த அடுப்பங்கரைக் கதவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அடுத்த சிப்பியைக் கையில் எடுத்தார்.

"எங்க மிதிச்சேன்? தாண்டில்ல வந்தேன்."

முதலில் சிரித்தது அண்ணிதான். சிரித்துக்கொண்டே அழுதாள்.

தண்ணீர் ஊற்றாமல், மூடி போட்டு அடுப்பில் வைத்தார்கள். சூடு ஏறியதும் சிப்பிகள் தாமாகவே வாய் திறந்து, தம் நீரிலேயே வெந்தன. திறக்காத ஒன்றிரண்டை மாமா எடுத்து எறிந்தார். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கியபின் ஒரு கிண்ணம்கூட நிறையவில்லை. அண்ணி தின்று முடிக்கும்வரை அவர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அமாவாசைக்குச் சாக்குமூட்டையோடு இந்தக் கேனும் வந்தது. "எங்க தண்ணி. சிப்பிய இதுல போடுங்க, உங்க கெணத்துக்கு வேல வேணாம்" என்றார். அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மூட்டையும் கேனும் வரும். எப்போதும் மலையனூர் போகிற வழியில்தான்.

இப்போது அண்ணியின் மகன் பேசத் தொடங்கிவிட்டான். நான் பக்கத்து ஊரான வல்லத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். நேற்று பள்ளியிலிருந்து வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கேன் மட்டும் இருந்தது.

"சிப்பி எங்க சம்மந்தி?" என்று அம்மா கேட்டாள்.

"கடல் சரியில்ல. கல்லாண்ட போவ முடியல."

"அப்ப தண்ணி எதுக்கு?"

மாமா கேனைத் திறந்து பேரன் பக்கம் சாய்த்தார். பேரன் கேனில் விரலை விட்டு, நக்கி, முகத்தைச் சுளித்து, மறுபடியும் விட்டான். அம்மா உள்ளே போய் அன்னக்கூடையைக் கொண்டுவந்து அத்தனை தண்ணீரையும் ஊற்றி, பையனை அதில் இறக்கிவிட்டாள். நான் கேனைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டு வந்து நாட்காட்டியைப் பார்த்தேன். அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது.