லைற் எரியுதுதானே

அந்தப் பெட்டிக்கு அண்ணா துளை போட்ட நாள் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. பெரியப்பா வீட்டுக் குசினி மேசையில வச்சு, பெரியம்மா பக்கத்தில தேங்காய் துருவிக்கொண்டிருக்க, ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிய மடியில இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு துளைச்சவர். தூள் முழுக்கத் தேங்காய்ப்பூவுக்க விழுந்திட்டுது. "இண்டைக்கு உங்களுக்கு பிளாஸ்ரிக் சம்பல்தான், ரெண்டுபேரும் இருந்து தின்னுங்கோ" எண்டு பெரியம்மா ஏசினவ. அண்ணா சிரிச்சுச் சிரிச்சு ஒரு சின்னப் பச்சை லைற்ற அந்தத் துளைக்க வச்சு அமத்தினவர். எரிஞ்சுது. நான் கை தட்டினனான். அவ்வளவு சந்தோசம்.

அண்ணா எண்டு நான் சொல்லுறது பெரியப்பாட மகனை. கூடப் பிறந்தவர் இல்ல, ஆனா எனக்கு வேற அண்ணாவும் இல்ல. நான் பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டனான். வீட்டில எல்லாரும் கரைச்சல் தரேக்க, "அவளுக்குக் கை நல்லாப் போகும் சித்தப்பா, ரவுணில போன் திருத்திற கடையில விடுங்கோ" எண்டு அப்பாவோட கதைச்சு என்னைக் காப்பாத்தினவர் அவர்தான். அவர் கொழும்பில கொம்பியூட்டர் படிச்சுப்போட்டு வந்து, சாம்பல்தீவில இருக்கிற வள்ளங்களுக்கு இந்தப் பெட்டியச் செய்வம் எண்டவர். உள்ளுக்க ஒரு சின்னக் கொம்பியூட்டர் போர்ட், லினக்ஸில ஓடுறது. அதோட இடம் காட்டுற ஜி.பி.எஸ், செய்தி அனுப்ப ஒரு சிம். வள்ளத்துக்க தண்ணி ஏறினா வீட்டுப் போனுக்கு உடன செய்தி வரும், வள்ளம் எங்க நிக்குது எண்டும் வரும். அவர் புரோகிராம் எழுதினவர், நான் வயர் சோல்டர் பண்ணினனான். பெட்டி வாங்கின ஆக்களுக்கு நாங்கள் சொல்லிக் குடுத்தது ஒண்டே ஒண்டுதான்: பச்சை லைற் எரியுதோ, பெட்டி வேலை செய்யுது.

அப்பாட வள்ளத்திலயும் ஒண்டு பூட்டினனாங்கள். அப்பாக்கு அது பகிடி. "என்ன, எனக்குக் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறியளோ? நான் சுவிச்ச நிப்பாட்டிப்போட்டு ஆறுதலா இருந்து சிகரட் பத்துவன், உங்களுக்கு எங்க தெரியப்போகுது" எண்டு கடற்கரையில எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பினம். அந்தப் பகிடி பேந்து எங்களுக்கு என்ன செய்யும் எண்டு அண்டைக்கு ஆருக்குத் தெரியும்.

வாடைக் காத்துக் காலம். அப்பாவோட போறவருக்குக் காய்ச்சல், அப்பா தனியப் போனவர். வள்ளத்துக்க தண்ணி ஏறியிருக்கு. எங்கட போனுக்கு ஒரு செய்தியும் வரேல்ல. வள்ளத்தப் பாதி தண்ணியோட கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. அப்பா பிறகுதான் கரைக்கு வந்தவர். அத நான் எழுதேல்ல, எழுத ஏலாது.

செத்தவீட்டில அம்மா அண்ணாட சேட்டப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. "தம்பி, உன்ர பெட்டி ஏன் ஒண்டும் சொல்லேல்ல? ஏன் சொல்லேல்ல?" அண்ணா நிலத்தப் பாத்துக்கொண்டு மெல்லச் சொன்னவர், "சித்தப்பா சுவிச்ச நிப்பாட்டியிருப்பார் சித்தி." சுத்தி நிண்ட ஆக்கள் எல்லாரும் தலையாட்டினவை. அந்தப் பகிடிய எல்லாரும் கேட்டிருக்கினம்தானே. வள்ளத்த இழுத்து வந்தவை பற்றறியக் கழட்டினவை, சுவிச்ச ஆர் தொட்டது எண்டு ஆருக்கும் தெரியாது. அப்பிடியே அது உண்மையாப் போட்டுது.

அண்டையில இருந்து அம்மா அழேல்ல. கோபம்தான். அப்பாட படத்தக் கூட மாட்ட விடேல்ல. "ஒரு சிகரட்டுக்காக எங்கள நடு ரோட்டில விட்டுட்டுப் போன மனிசன்" எண்டு சோறு போடேக்கயும் சொல்லுவா, முத்தம் கூட்டேக்கயும் சொல்லுவா. பெரியப்பா வந்தா, "என்ர தம்பிக்குச் சின்ன வயசில இருந்தே பிடிவாதம்" எண்டுபோட்டு எழும்பிப் போவார். அண்ணா கொழும்புக்குப் போட்டார். ஒரு கொம்பனிக்கு அந்தப் பெட்டி பிடிச்சு, அவருக்கு அங்கயே வேலையும் குடுத்திட்டினம். எனக்கு மட்டும் அப்பாவில கோபம் வரேல்ல. வர மாட்டன் எண்டுது. அப்பா பகிடி விடுற ஆள், அப்பிடிச் செய்யிற ஆள் இல்ல. நானும் அண்ணா சொன்னத நம்பினனான்தான், ஆனா நெஞ்சுக்க எங்கயோ ஒரு இடம் நம்பேல்ல.

அதால பெட்டியையும் அப்பாட பற்றறியையும் கடைக்குக் கொண்டு போனன். கடைக் கரண்டில போட்டா ஒவ்வொரு முறையும் ஒழுங்கா எழும்புது. அப்பாட பற்றறியில போட்டாலும் எழும்புது. பேந்துதான் நினைச்சன், அப்பா விடிய முதல் போறவர், பெரிய லைற் போடாமல் போக ஏலாது எண்டு. அதே பற்றறியில ஒரு பெரிய லைற்றையும் பூட்டிப் போட்டுப் பாத்தன். பற்றறி பழசு, லைற் இழுத்த இழுப்பில கரண்ட் குறைஞ்சு ஒருக்காத் தொங்கிச்சுது. போர்ட் செத்துத் திரும்ப எழும்பிச்சுது. பச்சை லைற் எரியுது, அது கரண்ட் வந்தாலே எரியும். ஆனா தண்ணி ஏறினத அறியிற வயரத் தண்ணிக்க வச்சா செய்தி வரேல்ல. திரும்பவும் செய்தன், திரும்பவும் வரேல்ல.

உள்ளுக்க என்ன நடக்குது எண்டு பாக்க மடிக்கணினியில இருந்து ஒரு சீரியல் வயர் குடுக்கோணும், போர்ட் கதைக்கிறத அது திரையில காட்டும். அந்த வயர் குடுக்கிற பின்னிலதான், போர்ட்டில இருக்கிற அந்தக் கம்பிக் காலிலதான், நாங்கள் ஜி.பி.எஸ்ஸப் பூட்டியிருந்தனாங்கள். மற்றப் பின் சிம்முக்குப் போட்டுது, வேற இடம் இருக்கேல்ல. அதால ஜி.பி.எஸ்ஸக் கழட்டிப்போட்டு என்ர வயரப் பூட்டிப் பாத்தா, பெட்டி நல்ல பிள்ளை மாதிரி எழும்பும். வயரக் கழட்டி ஜி.பி.எஸ்ஸப் பூட்டினா, திரும்ப ஊமை. கடை முதலாளி கிண்ணியா ஆள், தேத்தண்ணிக் கோப்பையோட வந்து நிண்டு பாத்துப்போட்டு, "புள்ள, ஒன்ட பெட்டி டாக்டரக் கண்டா காய்ச்சல் போற சாதி" எண்டார். எனக்குச் சிரிப்பு வரேல்ல. ஆனா அந்தக் கதை மண்டையில நிண்டுது. டாக்டர் வந்தது தெரியாமல் பாக்கோணும். போர்ட் கதைக்கிற பின்னில மட்டும் என்ர வயர வச்சன். போர்ட் கேக்கிற பின்னில ஜி.பி.எஸ்ஸ அப்பிடியே விட்டன். பெரிய லைற்றப் போட்டன்.

பூட்லோடர் எண்டு ஒண்டு இருக்கு. கரண்ட் வந்த உடன முதல் எழும்பிறது அதுதான், அதுதான் பேந்து லினக்ஸ எழுப்பும். எழுப்ப முதல் மூண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு கொஞ்சம் பொறுத்து, ஆராவது கீபோர்டில ஒரு கீ அமத்துகினமோ எண்டு பாக்கும். அமத்தினா, ஆளுக்கு ஏதோ வேலை இருக்கு எண்டு அப்பிடியே நிண்டு கட்டளைக்குக் காத்துக்கொண்டிருக்கும். பற்றறி தொங்கேக்க போர்ட்தான் சாகுது, ஜி.பி.எஸ் சாகேல்ல. அது தன்ர பாட்டுக்கு இடத்தச் சொல்லிக்கொண்டே இருக்கு. அதப் பூட்லோடர் ஆரோ கீ அமத்துகினம் எண்டு நினைச்சு நிண்டிட்டுது. நான் திரையில கண்டன். எண்ணிக்கொண்டு வந்தது பாதியில நிண்டு, ஒரு கோடு மின்னி மின்னி நிக்குது. அப்பா தண்ணிக்க நிக்கேக்க இது இப்பிடித்தான், ஆராவது ஏதும் சொல்லுவினமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருக்கு.

திருத்திறது ஒரு வரி. கீயைப் பாக்காத, பொறுக்காத, நேர எழும்பு எண்டு பூட்லோடருக்குச் சொல்லிவிட்டாச் சரி. முதல் பெரியப்பாட வள்ளத்தில இருக்கிற பெட்டியத் திருத்துவம் எண்டு ஓடினனான். அவற்ற பற்றறியும் பழசு. கடற்கரையில வச்சுத் திறந்து வயரக் குடுத்தன். அந்த வரி அங்க ஏற்கனவே இருக்கு.

"பெரியப்பா, இதை ஆரும் கழட்டினவையோ?"

"ஓம் பிள்ளை, உன்ர அண்ணன்தான். வள்ளம் கழுவேக்க இது தண்ணி தண்ணி எண்டு வீட்டுக்குச் சொல்லும், பெரியம்மா ஏசுவா. ஒருநாள் சத்தமே இல்ல. அவனிட்டச் சொன்னன். கொண்டுபோய் ஏதோ செய்து அடுத்த நாளே தந்திட்டான். தீபாவளிக்கு முதல். ஏன், பழுதோ?"

தீபாவளிக்கு முதல். அப்பா போனது அதுக்குப் பிறகு.

கடற்கரையில நிண்டே அண்ணாக்கு எடுத்தன். கேட்ட உடன அவர் சொன்ன முதல் சொல், "ஆர் சொன்னது?" பேந்து, "அது கொம்பனிக்காரர் பாக்க வர இருந்த கிழமை, தங்கச்சி. எல்லாப் பெட்டியையும் கழட்டினாப் பழுதெண்டு ஊரெல்லாம் கதை வந்திடும். பிறகு ஆறுதலா மாத்துவம் எண்டு இருந்தனான். லைற் எரியுதுதானே எண்டு ஆக்களும் ஒண்டும் கேக்கேல்ல."

"அப்ப பெரியப்பாட மட்டும் ஏன் மாத்தினீங்கள்?"

அந்தப் பக்கம் பஸ் ஹோர்ன் அடிச்சுது.

"அது அப்பா எல்லோ" எண்டார்.

"செத்தவீட்டில அப்பிடிச் சொன்னது?"

"சித்தி எல்லாருக்கும் முன்னால கேட்டவ. வாயில வந்திட்டுது." பேந்து கெஞ்சிற மாதிரி, "அப்பாக்குச் சொல்லிப்போடாத, என்ன" எண்டார்.

முதல் செய்தத நான் எப்பிடியாவது விழுங்கியிருப்பன் எண்டு இப்பவும் நினைக்கிறன். ஆசை, பயம், நாளைக்குச் செய்வம் எண்ட எண்ணம், இதெல்லாம் மனிசருக்கு வாறதுதான். ஆனா அப்பாவக் கிடத்தின வீட்டில நிண்டு, வாய் திறக்க ஏலாத அந்த மனிசன்ர தலையில அதைத் தூக்கி வச்சிட்டார். அம்மா அவ்வளவு காலமும் ஒரு செத்த மனிசனோட சண்டை பிடிச்சது அவர் சொன்ன ஒரு சொல்லால. ஒவ்வொரு முறையும் போன் எடுத்து "சித்தி சாப்பிட்டவவோ" எண்டு கேட்டதும் அவர்தான். என்னைக் காப்பாத்தின அந்த வாய்தான் இதையும் சொன்னது. எனக்கு இது ரெண்டையும் ஒரு ஆளில வச்சுப் பாக்க ஏலாமல் கிடக்கு.

பெரியப்பாக்குச் சொன்னன். அவர் கையில இருந்த வாளிய வச்சுப்போட்டு நடந்து போட்டார்.

அடுத்த நாள் காலமை எங்கட படலைக்கு வெளிய, ரோட்டில வந்து நிண்டவர். குழாயில தண்ணி பிடிக்கிற பொம்பிளையள் நிண்டவை. அம்மா குசினியில இருந்து வந்து, "ஏன் வெயிலுக்க நிக்கிறியள் அத்தான், உள்ளுக்கு வாங்கோ" எண்டவ. அவர் வரேல்ல. ரோட்டு முழுக்கக் கேக்கச் சொன்னவர்.

"பிள்ளை, தம்பி சுவிச்ச நிப்பாட்டேல்ல. பெட்டி பழுது. என்ர மகனுக்கு அது தெரியும். அவன் உனக்குப் பொய் சொன்னவன்."

சொல்லிப்போட்டு வந்த வழிய போட்டார். அம்மா படலையப் பிடிச்சபடி அப்பிடியே நிலத்தில இருந்தவ. பேந்து அப்பாட பேரைச் சொல்லிக் கத்தி அழுதவ. தண்ணிக் குடங்கள விட்டுட்டு அந்தப் பொம்பிளையள் எல்லாரும் ஓடி வந்தவை. எங்கட வீட்டில உண்மையில செத்தவீடு நடந்தது அண்டைக்குத்தான். அண்ணா அதுக்கு வரேல்ல.