எட்டு மணிக்கு வராத இருட்டு

கல்யாணத்தன்று காலை பத்து மணி வெயிலில் புரோகிதர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். என் மனைவி கொஞ்சமும் கூசாமல் "தெரியுது" என்றாள். அன்று ராத்திரியே என்னிடம், "எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. நெஜமா ஒருநாள் காட்டுங்க" என்றாள். சென்னையில் வளர்ந்தவள்.

காட்டியிருக்கலாம். ஆனால் நான் ஆலையில் ஷிப்டுக்கு ஆள் போடும் குமாஸ்தா. சார்ட் போடாமல் எனக்குக் கை கால் ஓடாது. ஒருநாள் நிலா, ஒருநாள் மேகம், ஒருநாள் அந்தி சரியாக அடங்கவில்லை என்று தள்ளிப்போட்டே 1991 கோடை வந்துவிட்டது. அவளுக்கு ஏழு மாதம். மறுநாள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள்.

அந்தக் கடைசி நாளுக்கான சார்ட் பிரமாதம். ஆறரைக்கு சூரியன் மறையும். ஏழே முக்காலுக்கு அந்தி முழுக்க அடங்கும். நிலா பத்துக்கு மேல்தான். நாங்கள் குடியிருந்த பிள்ளைப்பாக்கத்தில் தினமும் எட்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், அப்புறம் விடியும்வரை போவதும் வருவதும்தான். எங்கள் மொட்டைமாடியில் வந்து விழும் தெருவிளக்கும் அணைந்துவிடும். எதற்கும் இருக்கட்டுமென்று சப்-ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவரை டீக்கடையில் பிடித்தேன். நட்சத்திரம் பார்க்கிற சமாச்சாரத்தைச் சொல்ல வெட்கம்.

"வூட்ல நாளைக்குப் பிரசவத்துக்குப் போறாங்கண்ணே. இன்னிக்கு எட்டு மணி கரண்ட் கட் எப்படி?"

"புரியுது சார். நான் பாத்துக்கறேன்."

எட்டு ஆனது. எட்டரை ஆனது. கோடை முழுக்க நான் திட்டித் தீர்த்த கரண்ட் அன்றைக்குப் பார்த்து அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மாடிக்குக் கூட்டிப்போய், தெருவின் ட்யூப்லைட்டைக் கையால் மறைத்தபடி வடக்கே காட்டினேன்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றாள். புரோகிதரிடம் சொன்ன அதே குரல்.

காலையில் பஸ் ஸ்டாப்பில் எங்களைப் பார்த்ததும் சப்-ஸ்டேஷன்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார். "நேத்து நைட்டு ஃபேன் ஓடிச்சாம்மா? புள்ளத்தாச்சி கீறாங்களேன்னு உங்க ஊர் கரண்ட் கட்டை சுங்குவார்சத்திரம் பக்கம் தள்ளிவுட்டேன்."

அவரை அறைந்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் இவள் கை கூப்பிவிட்டாள். "ரொம்ப நன்றிண்ணே. இந்த ஒரு மாசத்துல நேத்துதான் கண்ணை மூடித் தூங்கினேன்."

அவள் தூங்காமலிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தி அடங்கும் நேரத்தை நிமிஷ சுத்தமாகக் கண்டுபிடித்தவன் நான். ஒரு மாதமாக அவள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டவனும் நானேதான்.