ஊசி வேண்டாம் என்று நான் சொன்ன சாட்சி

சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் ரத்தம் வந்தது. பம்பாய் மாட்டுங்காவில் ரயில் ஏறி, லேடீஸ் கம்பார்ட்மென்டில் தோழி சொன்ன எதற்கோ சிரித்து, சிரிப்பு இருமலாகி, கைக்குட்டையைப் பார்த்தால் சிவப்பு. வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன்.

காசநோய். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு குழி. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் ஊசி, போட்டபின் தலை சுற்றும்), கூடவே கை நிறைய மாத்திரை. "ஒன்றரை வருஷம்" என்றார் டிஸ்பென்சரி டாக்டரம்மா. எனக்கு இருபத்திரண்டு வயது; ஆபீஸில் டைப்பிஸ்ட். நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று ஓடுகிறவளிடம் போய் ஒன்றரை வருஷமா?

நாலாம் மாதம் இருமல் நின்றது. எடையும் கூடியது. தாராவியில் எங்கள் சந்தில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும், நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தேன்.

"கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கினார். இனி எனக்கு ஊசி வேண்டாம்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வாய் அதுவாக ஓடியது. ஆனால் அத்தனை பேரும் "ஸ்தோத்திரம்" என்று சொன்ன பிறகு திங்கட்கிழமை ஊசி வரிசையில் போய் நின்றால், அது கர்த்தரைப் பொய்யராக்குவது அல்லவா? மருந்தை நிறுத்திவிட்டேன்.

மூன்று மாதத்தில் ரத்தம் திரும்பியது.

டாக்டரம்மா மராத்திக்காரர். புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி ஹிந்தியில் கேட்டார்: "தவாயி கிஸ்னே பந்த் கீ?" மருந்தை நிறுத்தியது யார்? கர்த்தர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கர்த்தர் எப்போது நிறுத்தச் சொன்னார்? சொன்னவள் நான்.

அதுவரை இறையியல் (கடவுளைப் பற்றி நாம் சொல்வது சரிதானா என்று யோசிக்கும் படிப்பு) போதகர்களுக்கான கனத்த புத்தகம் என்றே நினைத்திருந்தேன். டாக்டரம்மாவின் கேள்வியும் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் அண்ணன் விடவில்லை. "ஏட்டி, ஊசி வேண்டாம்னா நீ வேண்டாம்னு சொல்லு. ஒன் மெமோல கர்த்தரை எதுக்குக் கையெழுத்துப் போட வச்ச?" சிரித்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "செல்லத்தாயி அக்காவப் போய்ப் பாரு. அவளும் நிறுத்திட்டாளாம்."

செல்லத்தாய் அக்கா இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளுக்கும் இதே நோய். கணவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறார். சின்னஞ்சிறு பிள்ளைகள் இரண்டு.

"நீ எந்திச்சு சொன்னேல்லா, அன்னைக்கே நானும் விட்டுட்டேன்" என்றாள். "படிச்ச புள்ள. ஒனக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா?"

"அக்கா, எனக்கும் திரும்ப வந்திட்டு."

"எனக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டு, வாய்ல துணிய வச்சுல்லா இருமிட்டுக் கெடந்தேன்."

நோய் போதாதென்று அவளைக் குற்றத்தையும் சுமக்க வைத்தது என் ஒரு வாக்கியம். கடவுளைப் பற்றித் தப்பாகச் சொன்னது காற்றோடு போகவில்லை. பக்கத்து வீட்டு நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி எழுந்தேன். "என் சாட்சியில் பாதி தப்பு. ஊசி வேண்டாம் என்று கர்த்தர் சொல்லவில்லை. நானே சொன்னேன். இப்போது மறுபடி போட்டுக்கொள்கிறேன்."

ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை. முன்னால் இருந்த பெரியவர், "விசுவாசத்துல தடுமாறிட்டா. ஜெபிப்போம்" என்றார்.

"ஜெபிங்க பெரியப்பா, நானும் கண்ண மூடுதேன். ஆனா திங்கக்கிழமை செல்லத்தாயி அக்காவ டிஸ்பென்சரிக்கு அனுப்பி வைங்க."

அக்கா தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. புதன்கிழமை வரிசையில் நிற்கும்போது முதுகில் ஒரு குத்து விழுந்தது. திரும்பினால் அக்கா.

"தள்ளி நில்லு. ஒன் சாட்சிய நம்பி வரல. பிள்ளையளுக்காக வந்தேன்."

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களே, சுகம் கிடைத்தது என்று தோன்றினால் தாராளமாக நன்றி சொல்லுங்கள். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை மருந்தையும் விடாதீர்கள். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஒன்றுக்கு ஒன்று விரோதம் என்று யாராவது சொன்னால், கர்த்தர் அப்படி எங்கே சொன்னார் என்று கேளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வலது தோளுக்குக் கீழே இப்படி ஓர் இடம் இருப்பது முன்பு எனக்குத் தெரியாது. இப்போது படியேறும்போது பாதியில் அது நில் என்கிறது. நிற்கிறேன், படபடத்துக்கொண்டுதான். பொறுமை இன்னும் வரவில்லை.

அக்காவுக்கு வியாழக்கிழமை எக்ஸ்ரே. இன்று செவ்வாய். "கர்த்தாவே, அவளைச் சுகமாக்கும்" என்று ஜெபிக்கிறேன். ஆமென் சொன்னதும் எழுந்துபோய், அவள் மாத்திரையை விழுங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.