பெட்டைக்கோழி கூவிய காலை

நாலு பேர் நின்று பேசினால் அங்கே போய் வகுப்பெடுக்காமல் என்னால் இருக்க முடியாது. ஐம்பதைத் தாண்டியும் அடங்காத இந்த வியாதி, போன சித்திரையில், வீரபாண்டித் திருவிழா நெருங்கிய ஒரு காலையில், அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மதில் ஓரத்திலேயே என் மானத்தை வாங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆசையாக வளர்த்த பெட்டைக்கோழி, முட்டையை நிறுத்திவிட்டுச் சேவல் போலக் கூவத் தொடங்கியிருந்தது. பெட்டை கூவினால் குடும்பத்துக்கு ஆகாது, அடித்துக் குழம்பு வை என்று அவருடைய மாமியார் உத்தரவு. நான் விடுவேனா?

“அடிச்சிராதம்மா” என்று மதிலைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். கோழிக்கு வேலை செய்வது ஒரே ஒரு சினைப்பை. அது கெட்டால் பெண் ஹார்மோன் வற்றிவிடும். அதுவரை அந்த ஹார்மோன் அடக்கி வைத்திருந்த சேவல் கோலம் வெளியே வரும். கொண்டை பெரிதாகும், இறகு மாறும், கூவவும் செய்யும். பாவம், அதன்மேல் என்ன தப்பு? நாம்தான் அனுசரித்துப் போகவேண்டும் என்று உருகினேன்.

கோழியை அணைத்தபடி அவர் கேட்டார்: “மனுசருக்கும் இப்பிடி வத்துமாண்ணே?”

“பொம்பளைகளுக்கு ஐம்பது வயசை ஒட்டி வத்தும். தூக்கம் போயிரும், திடீர்னு ஒடம்பு கொதிக்கும், காரணமே இல்லாம அழுகை வரும்.”

“அப்ப மதினிக்கும் அதுதான் போல. விடியுமுன்னயே மொட்டைமாடியில வேர்த்து ஊத்தி நிக்கிறாக. ‘எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சோ’ன்னு நேத்து அழுதாகளே, ஒங்ககிட்ட சொல்லலையாண்ணே?”

சொல்லியிருந்தாள். மாதக்கணக்காகச் சொல்லியிருந்தாள் என் மனைவி. புழுங்குகிறது என்று அவள் ஃபேனைக் கூட்டியபோது கரண்டு பில்லைப் பற்றிப் பேசியவன் நான். கண் கலங்கினால், “சீரியலைக் குறை” என்பேன். ஒரு கல்யாண வீட்டில், “இவளுக்கு வரவர மறை கழண்டுபோச்சு” என்று சொந்தக்காரர்களைச் சிரிக்கவும் வைத்தேன். அதற்குப்பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. எனக்கு அது நிம்மதியாக வேறு இருந்தது.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். “இது புத்திக் கோளாறு இல்லம்மா” என்று அவர் சொன்னதும் அவள் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது ஓரளவு தூங்குகிறாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று தனியாகப் பயந்து கிடந்த அந்த மாதங்களை மட்டும் என்னால் எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் திருப்பிக் கொடுக்க முடியாது.

கோழி பிழைத்துக்கொண்டது. அது கூவும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. ஒருநாள் இதை அவளிடமே சொல்லி வருத்தப்பட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

“நாந்தான் வெவரங்கெட்டுப்போய் வாயால சொல்லிட்டு இருந்திருக்கேன். மொதல்லயே அந்த மதில்ல ஏறி நாலு தடவ கூவியிருக்கணும்.”