துருசு கலக்கும் கையும் ஜீப்பில் மாறிய சேதியும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாலைந்து வருடம் ஓடிவிட்டது. எட்டாவதோடு நின்றவன் மூளையைப் பற்றி எழுதினால் சிரிக்க மாட்டார்களா? முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். மழைக்காலத்தில் ஏலக்காய் அழுகாமல் இருக்க, துருசையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளிப்போம். துருசு என்பது நீலநிறத் தாமிர உப்பு. கலக்குவது அவள், தெளிப்பது நான். அரிவாளை முக்கி எடுத்துப் பார்ப்பாள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை. மூக்குத்துணியும் கையுறையும் தெளிக்கிறவனுக்குத்தான். கலக்குகிறவளுக்கு எதற்கு என்று யாரும் யோசித்ததில்லை.

மதுரையில் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எங்கள் மகள் ஆனி மாதம் வந்திருந்தாள். ஆண் எலி, பெண் எலி இரண்டின் மூளைச் செல்களையும் தனித்தனியாக வளர்த்து, ஒரே அளவு தாமிரம் விட்டுப் பார்க்கிறார்களாம். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லையாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள்ளும் இந்த வித்தியாசத்தை வைத்திருக்கிறானே கடவுள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

“யாருக்கு ஆத்தா கூடுதலாப் பாதிக்கும்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இன்னும் சொல்ல முடியாதுப்பா. தட்டுல வளர்ற செல்லு வேற, மனுசங்க வேற. ரெண்டு பேருமே கையுறை மாட்டுங்க.”

“ஒங்கப்பாவுக்குப் பாதிச்சாலும் எதை வச்சுடி கண்டுபிடிக்கிறது?” என்றாள் அவள் அம்மா.

மறுநாள் ஜீப்பில் கூட வந்தவர்களிடம் ஆசையாக இதைச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் சேதி வேறாகிவிட்டது. துருசு பொம்பளைகளுக்குத்தான் ஆகாது என்று தோட்டத்துக் கங்காணி காதுக்குப் போக, அவர் இனி ஆண்களே கலக்கட்டும், என் மனைவியை வர வேண்டாம் என்றுவிட்டார். அந்த மழையில் அவளுக்கு வேறு சோலியும் கிடையாது.

அவளே நேரில் போனாள்.

“அண்ணே, ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரினுதான் எம் மக சொன்னா. எனக்குத்தான் ஆகாதுனு எவன் சேத்தான்? ஒங்களுக்கு ஆகாமலும் இருக்கலாமுல்ல. எனக்கும் கையுறை குடுங்க, கலக்குறேன்.”

கங்காணி எங்கள் மகளுக்கே போன் போட்டுக் கேட்டார். பிறகு கலக்குகிறவர்கள் எல்லோருக்கும் கையுறை வந்தது. அவளும் வேலைக்கு வந்தாள்.

இன்றும் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஏன் அப்படி என்று. படிக்கிற நீங்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி என்பதோடு நிறுத்துங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். கூட ஒரு சொல் சேர்ந்தால் யாரோ ஒருத்தியின் வேலை போய்விடும்.