அசையாமல் நின்ற வெள்ளைக் கோடு

பொன்முடிக்குப் போகிற வழியில், விதுரா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மனைவி என் தோளைத் தொட்டாள்.

"ஏன்னா, இன்ஜின்ல என்ன சத்தம்? வாணலில அரிசி பொரியறாப்ல இருக்கே."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய கார் அது. அதன் இன்ஜினை எப்போதும் காதால் கேட்டே சரிசெய்து வந்தவன் நான். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படித் திருப்பினால், சுருதி சேர்கிற இடம் தெரிந்துவிடும்.

"ஒண்ணுமில்லை. பழைய வண்டியாக்கும்," என்றேன்.

ஆனால் ஏற ஏற வண்டி இழுக்கவில்லை. பாதி வழியில் திரும்பிவிட்டோம்.

ஏற்றத்தில் அப்படிப் பொரிந்தால், தீப்பொறி நேரத்துக்கு முந்தி விழுகிறது என்று அர்த்தம். அது தெரியும். கேட்காத சத்தத்தை எப்படிப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. நண்பர் ஒருவரிடம் டைமிங் லைட் இரவல் வாங்கினேன். துப்பாக்கி போலப் பிடித்துக்கொள்ளும் விளக்கு. முதல் பிளக்கின் வயரில் மாட்டினால், அங்கே தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும்.

மழை இருட்டிய மத்தியானம். ஷெட்டின் கதவுகளை விரியத் திறந்து, மனைவியை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டேன். சுழலும் புல்லிச் சக்கரத்தின்மேல் வெளிச்சத்தைக் காட்டினேன்; அது அதே இடத்துக்கு வரும்போதே விளக்கு மின்னியதால், கண்ணுக்கு அப்படியே நின்றுவிட்டது. நான் சாக்பீஸால் தீட்டியிருந்த வெள்ளைக் கோடு, இன்ஜினில் பதித்த குறிமுள்ளுக்கு நேரே, தூக்கத்தில் இருப்பதுபோல அசையாமல் இருந்தது. இன்ஜின் ஃபேனின் காற்று முகத்தில் அடிக்கிறது. கண்முன்னால் எதுவும் நகரவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

"ஏன்னா, அங்கதான் இருக்கேளா?"

"ஆக்ஸிலேட்டரை லேசா அமுக்கு."

மிதித்தாள். வேகம் கூடக் கூடக் கோடு கொஞ்சங்கொஞ்சமாக நகர வேண்டும், அதுதான் முறை. இதுவோ மீன்குஞ்சுபோலத் துள்ளி எங்கோ போய்விட்டது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். உள்ளே தட்டுக்கு அடியில், வேகம் கூடக் கூட விரிந்து தீப்பொறியை முந்தவைக்கிற இரண்டு சின்ன எடைகள். அவை சட்டென்று விரிந்துவிடாமல் பிடித்துவைக்க இரண்டு ஸ்பிரிங்குகள். ஒன்று அறுந்து கிடந்தது. பழவங்காடிப் பக்கம் ஒரு கடையில் அதே மாதிரி கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன். கோடு அடக்கமாக நகர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மலை ஏறினோம். வண்டி சுகமாக இழுத்தது.

"இப்போ கேக்கறதா?"

"இல்லை. சுத்தமா நின்னுடுத்து."

எனக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பனி சாலைக்கு இறங்கி வந்துகொண்டிருந்தது.

"என்ன அமைதி!" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அமைதியா? சில்வண்டு காதைத் துளைக்கறதே. உங்களுக்குக் கேக்கலையா?"

உற்றுக் கேட்டேன். மரங்கள், பனி, நனைந்த இலைகள். காடே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. ஏனோ பயம் வரவில்லை.

"எப்படிக் கத்தறது? சொல்லு."

அவள் என் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சில்வண்டுபோல நீளமாக ரீங்கரித்துக் காட்டினாள். அது கேட்டது. சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கே காது டாக்டர்ட்ட போறோம்."

"போலாம்," என்றேன். "இன்னொரு தடவை கத்திக் காட்டு."