டுடோரியலில் நான் நடத்திய வரலாறு-புவியியல்

பத்தாவதில் தோற்றவர்களுக்கு, பத்தாவதில் எப்படியோ தப்பித்தவர்கள் பாடம் சொல்லுகிற இடத்துக்கு டுடோரியல் என்று பெயர். அங்கே நான் ஆறு மாதம் வரலாறு, புவியியல், பொருளியல் மூன்றையும் எடுத்தேன். இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டியவர்கள், படித்தவர்களானாலும் சரி, படிப்பித்தவர்களானாலும் சரி, இதை வாசித்தால் என் பாடு புரியும். கணக்கில் கோட்டை விட்டவர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கஷ்டம் வேறு ரகம்.

வேலை கிடைத்த விதம்

பிளஸ் டூ முடித்தேன். கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க் இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று டவுணில் ரத வீதியில் உள்ள ஒரு டுடோரியலில் போய் வேலை கேட்டேன். கீழே பாத்திரக் கடை, மேலே டுடோரியல். இரண்டுக்கும் ஒரே முதலாளி. கீழே இருந்தால் அவர் அண்ணாச்சி, மாடி ஏறினால் பிரின்சிபால். நாங்கள் சேர்த்து பிரின்சிபால் அண்ணாச்சி என்போம்.

கணக்குக்கும் அறிவியலுக்கும் இங்கிலீஷுக்கும் சார்மார் இருக்கிறார்கள், வரலாறு-புவியியல் சார் மட்டும் போன வாரம் நின்றுவிட்டார் என்றார். எனக்கு அதில் பத்தாவதில் நாற்பத்தொன்று என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்கணும்னு இல்லம்மா. சத்தமா வாசிச்சாப் போதும்."

முதல் நாள்

சேலை கட்டிக்கொண்டு போனேன். அம்மாவுடையது. வகுப்பில் பதினொரு பேர், அதில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள். முன் பெஞ்சில் முக்கூடல் முத்துலெட்சுமி. வீட்டில் பீடி சுற்றுகிறவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். இது ஒன்றுதான் மூன்று தடவையாக இழுத்தடிக்கிறது. ஊரில் பால்வாடி டீச்சர் வேலை காலியாகிறது. பத்தாவது பாஸ் வேண்டும். தை பிறந்தால் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். ஆக அக்டோபர் பரீட்சைதான் கடைசி. இதெல்லாம் அவளே பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்காரவும் கூச்சமாக இருந்தது.

கடைசியில் முத்துலெட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்து, பெஞ்சில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "இங்கன உக்காரு ஏட்டி. டீச்சர் இன்னும் வரல. வந்தாவன்னா நின்னதுக்கும் சேத்து ஏசுவாவ."

தமிழ்நாட்டைச் சாய்த்துப் பிடித்தவர்கள்

வரைபடத் தாளைக் கொடுத்து, தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாமிரபரணியையும் குறிக்கச் சொன்னேன். சுற்றி வந்தால் சுடலைமுத்து தாளைச் சாய்த்து வைத்திருக்கிறான். சுடலைமுத்து ஸ்ரீவைகுண்டத்துக்காரன், வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவன். அவன் தாளில் மலை உச்சியில், கடல் அடியில். நேராக வை என்றேன். இதுதான் நேர் என்றான். மலை உசரத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் உசரத்திலிருந்து பள்ளத்துக்குத்தானே வருகிறது?

பின் பெஞ்சில் சேசுராஜ். கடற்கரைக்காரன், படகில் போகிறவன். அவனாவது என் பக்கம் பேசுவான் என்று பார்த்தால் அவன் தாளும் அதே சாய்வில். மீன் பிடித்துத் திரும்பும்போது கரை எதிரே தெரியும், மலை கரைக்கு அந்தப் பக்கம் தெரியும், வடக்கு வலது கைப் பக்கம் இருக்கும் என்றான். அப்படிப் பார்த்துத்தான் அவன் தினமும் வீட்டுக்கு வந்து சேருகிறான். அவனிடம் தப்பு என்று எப்படிச் சொல்ல?

வடக்குதான் மேலே என்றேன். ஏன் என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. அறிவியல் சாரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார். வந்து அதையே சொன்னேன். சுடலைமுத்து தாளை நேராக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். "டீச்சர், வடக்க மேல வச்சா தண்ணி எங்க வயலுக்கு வராது. பூரா கன்னியாகுமரிக்குல்லா போயிரும்."

விலை கூடினால்

பொருளியல் தொடங்கிய அன்று ஒரு நிம்மதி. இதில் மலை, கடல் ஒன்றும் கிடையாது. விலை கூடினால் அளிப்பு, அதாவது விற்க வருகிற சரக்கு, கூடும், விலை குறைந்தால் அளிப்பு குறையும். இரண்டு வரி. கோடு போட்டுக் காட்டினேன், கோடு அழகாக மேலே ஏறியது. சுடலைமுத்து கையைத் தூக்கினான். 

இன்றைக்கு வாழைத்தார் விலை கூடினால் இன்றைக்கே எப்படி அளிப்பு கூடும் என்றான். கன்று வைத்துத் தார் வெட்ட ஒரு வருசம் ஆகும். கூடின விலையைப் பார்த்து ஊர் பூராவும் வாழை வைத்தால், வெட்டுகிற நாளில் கேட்பாரற்றுக் கிடக்கும். விலை குறைந்துவிட்டதே என்று வெட்டாமல் விட்டால் மரத்திலேயே பழுத்துவிடும். கோட்டைத் திரும்பப் பார்த்தேன். அது இப்போது எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. அழித்துவிட்டேன். சுடலைமுத்து ஆறுதலாகச் சொன்னான்: "விடுங்க டீச்சர். இத எழுதுனவரு வாழைப்பழம் தின்னுருப்பாரு, வாழை போட்டிருக்க மாட்டாரு."

வேலையில்லாதவர்

மறைமுக வேலையின்மை என்று ஒரு பாடம். தேவைக்கு மேல் ஆட்கள் ஒரே வேலையில் இருப்பார்கள், சிலரை எடுத்துவிட்டாலும் உற்பத்தி குறையாது. இரண்டு தடவை சத்தமாக வாசித்தேன். யாருக்கும் ஏறவில்லை. எனக்கும்தான்.

முத்துலெட்சுமிக்கு மட்டும் பளிச்சென்று விளங்கிவிட்டது. கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடிக்குத்தான் இலையும் தூளும் தருவார்கள். வீட்டில் அவள், மாமியார், நாத்தனார் மூன்று பேரும் சுற்றுகிறார்கள். இரண்டு பேர் சுற்றினாலும் அதே ஆயிரம்தான். அதானே என்றாள். அதேதான் என்றேன். முதல்முறையாக ஒரு பாடத்தைப் புரிய வைத்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோசம்.

அவள் முகம் மாறியது. அப்படியென்றால் மூன்றில் ஒருத்தி வேலையில்லாதவள், அது யார் என்றாள். புத்தகத்தில் அது இல்லை. அவள் எழுந்து வந்து மேசைமேல் விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியில் ரேகையே இல்லை.  "காலைல உக்காந்தா முதுகு ஒடியிற வரைக்கும் சுத்துதேன். கவர்மெண்டு புஸ்தகத்துல நான் சும்மா இருக்கேன்னா போட்டிருக்கான்?"

பிரின்சிபால் உத்தரவு

அந்தச் சத்தம் பாத்திரக் கடை வரைக்கும் கேட்டிருக்கிறது. பிரின்சிபால் அண்ணாச்சி மாடி ஏறி வந்து என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான், புரிய வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், இருபது கேள்வியைக் குறித்துக் கொடுத்து நெட்டுருப் போடச் சொல் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் இருபது வருசமாக இதைச் செய்கிறார், நான் மூன்று மாதமாக.

உள்ளே வந்தேன். முத்துலெட்சுமி என்னிடம் நேராகக் கேட்டாள், இப்படியே போனால் நான் பாஸாவேனா என்று. ஆகமாட்டாய் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. பாஸாகிற வரைக்கும் இனி ஒன்றும் கேட்காதே, ஏன் எதற்கு என்று யோசித்தால் எழுதுகிறபோது குழம்பிவிடும், அப்படியே மனப்பாடம் பண்ணு என்றேன். சரி என்று ஒரே சொல்லில் போய்விட்டாள். பிறகு வாயையே திறக்கவில்லை. எனக்கு வகுப்பு லேசாகிவிட்டது, மனசு அப்படி ஆகவில்லை.

பத்து நாள் கழித்து, எப்படிப் போகிறது என்று கேட்டேன். பீடித் தட்டில் இலைக்கு அடியில் தாளை வைத்துக்கொண்டு படிக்கிறாளாம். மாமியார் பக்கத்தில் இருந்தே திட்டுகிறாளாம். "நல்லாத்தான் போவுது. ரெண்டு கட்டு பீடி கட்டுததுக்குள்ள ஒரு உலகப் போர் முடிஞ்சிருது."

பரீட்சை அன்று

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். டீச்சர்கள் போகத் தேவையில்லை. இருந்தாலும் போனேன். வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் இரண்டரை மணி நேரம் நின்றேன். எனக்குப் பரீட்சை நடந்தபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

மணி அடித்து எல்லாரும் வெளியே வந்தார்கள். முத்துலெட்சுமி கடைசியாகப் பைய நடந்து வந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "அத்தனையும் எழுதிட்டேன் ஏட்டி. ஒண்ணு விடல. அவன் என்ன கேட்டிருந்தாம்னுதான் தெரியல."

படம் போட்டவன்

ரிசல்ட் மார்கழியில் வந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் பாஸ். சுடலைமுத்து முப்பத்தேழு. அவனே நம்பாமல் இரண்டு தடவை பார்க்கச் சொன்னான். சேசுராஜ் முப்பத்திரண்டு, ஃபெயில். எனக்கு இது பிடிபடவே இல்லை. வகுப்பிலேயே காற்று எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிறவன் அவன்தான். பருவக்காற்றுப் பாடத்தை நான் வாசித்தபோது இரண்டு இடத்தில் என்னைத் திருத்தியவன். மறுபடி மார்ச்சில் எழுதலாம் என்றேன். அவன் அவ்வளவாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "படம் சரியாத்தான் போட்டேன் டீச்சர். திருத்துனவரு தாளைத் திருப்பிப் பாக்கலன்னா நான் என்ன செய்ய?"

பாஸானவள்

முத்துலெட்சுமி ஐம்பத்திநான்கு. நான் வாங்கியதைவிடப் பதின்மூன்று கூட. தைக்கு முன்னாலேயே சர்டிபிகேட் கையில் வந்து, பால்வாடிக்கு மனுவும் போட்டுவிட்டாள். மனுப் போட்டவர்களில் வேறு யாரும் பத்தாவது தேறவில்லை என்பதால் கிடைத்துவிடும் என்கிறார்கள். அதைச் சொல்ல வருகிறாள் என்றுதான் அவள் படியேறி வந்தபோது நினைத்தேன். வகுப்பு முடிந்து நான் மட்டும் இருந்தேன். பிள்ளைகள் இரண்டையும் கூட்டி வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, பாஸாகிற வரைக்கும் கேட்கக்கூடாது என்றாயே, இப்போது கேட்கலாமா என்றாள். கேள் என்றேன்.

முதல் உலகப் போரை நான்கு பக்கம் எழுதினேன், செர்பியா செர்பியா என்று ஒன்பது இடத்தில் வரும், அது எங்கே இருக்கிறது, காட்டு என்றாள். சுவரில் உலகப் படம் ஒன்று தொங்கியது, அண்ணாச்சி டுடோரியல் ஆரம்பித்தபோது வாங்கியது. அதன் முன்னால் நின்று நானும் அவளும் தேடினோம். ஆஸ்திரியா கிடைத்தது. செர்பியா இல்லை. அது இருக்க வேண்டிய இடம் என்று நான் நினைத்த இடத்தில் யூகோஸ்லாவியா என்று வேறு ஏதோ பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவள் சின்னப் பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் ஏற்றி அவனையும் தேடவிட்டாள். அவன் கடலை மட்டும் கண்டுபிடித்தான். பேப்பரில் சண்டை சண்டை என்று செர்பியாவின் பேர் இப்போதும் வருகிறதே, படத்தில் மட்டும் எங்கே போனது என்று எனக்கும் விளங்கவில்லை. தெரியவில்லை என்றேன். முத்துலெட்சுமி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏட்டி, இல்லாத ஊருக்காவா உலகம் பூரா வெட்டிக்கிட்டு செத்தான்?"

அன்றைக்குத்தான், பரீட்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து, தேறிப்போன ஒருத்தியோடு பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் பாடம் இந்த வரிசையில்தான் நடக்கும் போலிருக்கிறது.